கதிர் படாத எலிகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலந்தானே? உன் ஆய்வுக்கூடத்தை விட்டு என்னை அனுப்பிய பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குக் கோபம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை.

கதிர் பட்ட எலிகளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அது தெரிந்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தோமே, கதிரே காட்டாத எலிகள், அவற்றுக்கும் ஏன் பாதியாகக் குறைந்தது? நான் அணுக்களைத் தப்பாக எண்ணினேன் என்றாய். அந்தக் கூண்டு கதிர் இயந்திர அறைச் சுவரை ஒட்டி இருந்தது. சுவர் வழியே கதிர் கசிகிறது, அண்ணா. பக்கத்து அறையில் அதே சுவருக்கு முதுகைக் காட்டித்தான் அண்ணி நாளெல்லாம் தட்டச்சு செய்கிறார்கள். ஒருமுறை அளந்து பார்.

உன் தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்கு எண்ணத் தெரியாததற்குச் சுவர் என்ன செய்யும்? அந்த எலிகளுக்கு ஏதோ நோய். கட்டுரையிலிருந்தே எடுத்துவிட்டேன். பதவி உயர்வு வருகிற நேரத்தில் கூடப் பிறந்தவளே குழி பறிக்காதே.

உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. உன் மகள் படித்துவிட்டுச் சும்மாதானே இருக்கிறாள்? அனுப்பிவை. உன் அண்ணியைப் போன வாரம் மாடி அறைக்கு மாற்றிவிட்டேன். கீழே அவள் மேசை, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கின்றன, வந்து உட்கார வேண்டியதுதான். இனியாவது இந்தச் சுவர்ப் புராணத்தை விடு.

உன் அண்ணன்

மார்ச் 24

ஐயா,

உங்கள் கடிதத்தை என் மகள்தான் சத்தமாகப் படித்தாள். "மாமாவுக்கு என் மேல எவ்ளோ பாசம் பாத்தியாம்மா!" என்று துள்ளினாள். அது எந்த நாற்காலி என்று சொன்னேன். அப்புறம் அவள் சாப்பிடக்கூட வரவில்லை.

எனக்கு எண்ணத் தெரியாதென்றால் அண்ணியை ஏன் மாடிக்கு அனுப்பினீர்கள்? என் எண்ணிக்கையை நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான். நம்பிவிட்டுத்தான் என் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இவள் வரமாட்டாள். ஆனால் அந்த நாற்காலிக்கு வேறு யாராவது பெற்ற பெண் வருவாள். அதனால் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிவிட்டேன். வியாழக்கிழமை சுவரை அளக்க வருகிறார்கள். உங்கள் தங்கை என்று அதில் சொல்லவில்லை. இதிலும் சொல்லவில்லை.

அங்கே ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தவள்