பழைய இழைக்குப் பிந்தி வந்த பதில்

நேற்று மத்தியானம் உன் பெயர் என் போனில் வந்தது.

காலண்டர் சீசன். சிவகாசியில் எங்கள் கம்பெனி முழுக்க அச்சு மையின் வாடை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் தயிர்ச்சோற்றிலும் அதுதான் மணக்கிறது. முதல் வாய் எடுத்து வைக்கும்போது போன் சிணுங்கியது. ‘வார்டு அக்காவுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது’ என்று திரையில் இருந்தது. நம் இணையக் குழுமத்தில் நீ வைத்துக்கொண்ட பெயர். நீ படுக்கையில் விழுந்த பிறகு உன் அறிவிப்புகளை என் போனுக்கு மாற்றிக் கொடுத்தாய். மாற்றியது நினைவிருந்தது. அது ஒருநாள் இப்படி ஒலிக்கும் என்பதுதான் நினைவில்லை. கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று திறந்தேன்.

எழுதியிருந்தவள் வெம்பக்கோட்டை மாரி.

உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனது ஆறும்.

தீக்காயத்தோடு வந்தவர்கள் புண் ஆறி வீட்டுக்குப் போன பிறகும் உனக்குப் போன் செய்துகொண்டே இருப்பார்கள். தோல் அரிக்கிறது, வெயிலில் போகலாமா, முழங்கை நீட்ட வரவில்லை. நர்ஸ் வேலையை முடித்து வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே பதிலைப் பலபேருக்குச் சொல்வாய். எழுதிப் போட்டால் எல்லோரும் படிப்பார்களே என்று நான்தான் குழுமத்தைத் தொடங்கிக் கொடுத்தேன். நீ பதில் எழுதுவாய், நான் வேண்டாததை நீக்கும் மட்டுறுத்துநர். பள்ளியிலும் அப்படித்தான், நீ பேசுவாய், நான் கரும்பலகையைத் துடைப்பேன்.

நமக்குள் வந்த ஒரே பெரிய சண்டை, கேள்வியும் பதில்களுமாகக் கோத்துக் கிடக்கும் பழைய இழைகளைப் பற்றித்தான்.

பேச்சு ஓய்ந்து வருடக்கணக்காகக் கிடக்கும் இழையை யாராவது தேடிப் பிடித்து ஒரு வரி எழுதுவார்கள். உடனே அது பட்டியலின் உச்சிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். தேதியைப் பார்க்காதவர்கள் அதை இன்றைய பேச்சென்று நினைத்து, எப்போதோ ஆறிய புண்ணுக்கு மருந்து சொல்வார்கள். கல்யாணத்துக்குள் கழுத்துத் தழும்பு மங்குமா என்று ஒரு பெண் கேட்டிருந்த இழையில், பல வருடம் கழித்து ஒருவர் வந்து ‘மணமக்கள் வாழ்க’ என்று எழுதினாரே, நினைவிருக்கிறதா? அன்று ஞாயிற்றுக்கிழமை. நீ சர்ச்சிலிருந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாய். படித்துக் காட்டியதும் சிரித்த சிரிப்பில் செதில் சுவரெல்லாம் தெறித்தது.

“அந்தப் பிள்ளைக்கு ரெண்டு பிள்ள ஆயிருச்சு. இவரு இப்ப வந்து மொய் எழுதுறாரு!”

“சிரிக்காத. இதுக்குத்தான் சொல்றேன், ஒரு வருசம் ஆனா பூட்டிருவோம். போன வருசக் காலண்டரை யாராச்சும் மாட்டுவாகளா?”

“ஏ புள்ள, நீ காலண்டர் கம்பெனியில இருந்துக்கிட்டா இதைக் கேக்குற? தேதித் தாளைத்தான் கிழிப்பாக. சாமி படத்தை யாரு கிழிக்கா? அது பாட்டுக்குச் சுவத்துல இருக்கும்.”

“உனக்கென்ன, வாய் பேசிட்டுப் போயிருவ. குப்பை அள்ளுறவ நானுல்லா.”

“அள்ளு. அதுக்குத்தான உனக்கு மீன் குழம்பு.”

சண்டை குழம்பில் முடிந்தாலும் தீரவில்லை. தீர்ந்தது மல்லாங்கிணற்றில், ஒரு சாவு வீட்டில்.

நம்மோடு படித்தவளின் அப்பா இறந்த செய்தி நமக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. துட்டி கேட்கப் போக எனக்குக் கூச்சம். எல்லாம் முடிந்து, பந்தல் பிரித்து, அவர்கள் சோளம் விதைக்கத் தொடங்கிய பிறகு போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? “பிந்திப் போறது தப்பில்ல. வெறுங்கையா போறதுதான் தப்பு” என்றாய். பழம் வாங்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ பழக்கடைக்குப் போகவில்லை. அவளுடைய தம்பி உரக்கடையில் இருந்தான். அவனிடம் போய் எப்படி இறந்தார், யார் கூட இருந்தது, கடைசியில் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டாய். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனோம்.

அவளுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பிந்தி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ‘என்னம்மா ஆச்சு’ என்று கேட்டுக் கேட்டு, அவர் அதே கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போயிருந்தார். நம்மைப் பார்த்ததும் மறுபடியும் தொடங்க வாயெடுத்தார். நீ பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாய்.

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தாம்மா வாறோம். அன்னைக்குக் காலையிலகூட காட்டுக்குப் போகணும்னு சொன்னாகளாமே?”

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். செருப்பை மாட்டிவிடச் சொல்லிக் கேட்டாராம். எங்கே போகப் போகிறார் என்று இவர் மாட்டிவிடவில்லையாம். அழுது முடித்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்ப வந்தா என்ன தாயி. வந்தீகள்ல” என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நீ எழுந்தாய், நானும் எழுந்தேன். துட்டி வீட்டு வழக்கப்படி ‘போய் வருகிறேன்’ என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு மேல் கத்திச் சொன்னாய். “நம்ம குழுமத்துலயும் இப்படித்தான் வைக்கணும். பிந்தி வந்தாலும் வரட்டும். நடந்ததைப் பூராம் படிச்சிட்டு வரணும். என்ன கொண்டாந்திருக்கோம்னு முதல்ல சொல்லணும். அம்புட்டுத்தான்.”

பழைய இழைகளின் பதில் பெட்டிக்கு மேல் ‘இந்த உரையாடல் முடிந்துவிட்டது, புதிய இழை தொடங்கவும்’ என்று நான் போட்டிருந்த சிவப்பு எச்சரிக்கையை அந்த வாரமே எடுத்தோம். அங்கே இப்போது இருப்பவை உன் வரிகள்: ‘தாமதமாக வந்தாலும் வாருங்கள். மேலிருந்து எல்லாவற்றையும் படியுங்கள். நீங்கள் அறிந்து வந்ததை முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்.’

மாரியின் இழை அதற்கு முன்பே தொடங்கியது. பட்டாசு ஆலையில் வலது கை வெந்தவள். புண் ஆறிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை, சின்ன மகளுக்குத் தலை பின்னிவிட முடியவில்லை, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். டாக்டரிடம் காட்டிவிட்டாயா என்று முதலில் கேட்டாய். காட்டியிருந்தாள்; பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்; வலிக்குப் பயந்து செய்யாமல் இருந்தாள். நீ அவளைத் திட்டவில்லை. சப்பாத்தி மாவு பிசையச் சொன்னாய். “வலிக்கும்தான். வலிக்கேன்னு கையைச் சும்மா வச்சா தோலு இறுகிப் பிடிச்சுக்கிரும். பிள்ளை தலையை நினைச்சுக்கிட்டுப் பிசை” என்று எழுதினாய். ‘சரிக்கா’ என்று ஒரு சொல் எழுதினாள். பிறகு வரவே இல்லை.

கேட்டுவிட்டுப் பதிலோடு காணாமல் போகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். ஆச்சா ஆகவில்லையா என்று ஒரு வரி எழுதினால் என்ன? நீ அவளுக்கு வக்காலத்து வாங்கினாய். “துட்டி வீட்டுல சொல்லிட்டா போறாக? நம்ம வீடும் அப்படித்தான்.” அப்படிச் சொன்னாயே தவிர, அந்த இழையை நீதான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீயே நோயாளியாகக் கிடந்தபோதும், “ஏ புள்ள, அந்த வெம்பக்கோட்டைக்காரி எதும் எழுதினாளா?” என்று கேட்டாய். இல்லை என்றேன். “கை மடங்குச்சான்னு தெரியலையே” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கையில் ஊசி குத்தியிருந்தது. விரல்களை மெதுவாக மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாய்.

நேற்று அவள் எழுதியிருந்தது இது:

‘அக்கா நல்லா இருக்கீகளா. எல்லாத்தையும் முதல்ல இருந்து படிச்சிட்டுத்தான் எழுதுறேன். கை மடங்குச்சுக்கா. நடுவிரலு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். ரெண்டு வருசம் மாவு பிசைஞ்சேன், எங்க வீட்டுல சப்பாத்தியைக் கண்டாலே ஓடுவாக. மக பெரிய பிள்ளையாயிட்டா. இப்ப நான் பின்னிவிட வந்தா, நீ கோணலாப் பின்னுவ, நானே பின்னிக்கிறேம்மான்னு சொல்றாக்கா.’

கீழே ஒரு படம். ஒரு பெண்ணின் முதுகும், கொஞ்சம் கோணலான இரட்டைப் பின்னலும், ஒரு பின்னலின் நுனியைப் பிடித்திருக்கும் தழும்பேறிய கையும்.

வேப்பமரத்தடியில் நின்று நான் அழுதேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மை கண்ணில் பட்டுவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீ இறந்ததை முகப்புப் பக்கத்தில் அறிவித்திருந்தோம். தேடி நேராகப் பழைய இழைக்குள் இறங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மாலைக்குள் உன் பெயர் பட்டியலின் உச்சியில் நின்றது. இரண்டு புதியவர்கள் உன்னிடமே சந்தேகம் கேட்டுவிட்டார்கள். இப்போது என்னோடு மட்டுறுத்துகிற கோயம்புத்தூர்த் தம்பி போன் செய்தான்.

“அக்கா, இதப் பூட்டிரலாங்களா? இல்லாதவங்ககிட்ட மருத்துவம் கேக்கறாங்க. பாவமுங்க, பதிலுக்குக் காத்துட்டு உக்காந்திருப்பாங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பூட்டும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. பூட்டினால் மாரியின் நல்ல சேதி பதில் இல்லாமல் நின்றுவிடும். நீ காத்திருந்ததுபோல அவளும் காத்திருப்பாள். பூட்டாவிட்டால் உனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, இழையை மேலிருந்து படித்தேன். உன் ஒவ்வொரு வரியையும். அதன் பிறகு எழுதினேன்.

‘மாரி, நான் அக்காவின் தோழி. எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அக்கா இப்போது இல்லை. உன் கை மடங்கியதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.’

இன்று காலை வேனுக்குக் காத்திருக்கும்போது அவள் பதில் வந்தது. ‘ஐயோ, பிந்தி வந்துட்டேனே’ என்று ஒரே வரி. அதற்குக் கொஞ்சம் கழித்து அவளிடமிருந்தே இன்னொரு பதில், எனக்கல்ல. நேற்று உன்னிடம் சந்தேகம் கேட்ட இருவரில் ஒருத்திக்கு. மகனுக்குக் கை வெந்து ஆறிய ஒரு தாய் அவள். ‘முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. புண்ணு பூராம் ஆறிருச்சுன்னு அவுக சொன்ன பெறகு மாவு பிசையச் சொல்லுங்க. அழுவான். அழட்டும், கூட உக்காந்து நீங்களும் பிசைங்க. எனக்கு அக்கா சொன்னதுதான் இது.’

தம்பிக்குப் போன் செய்து பூட்ட வேண்டாம் என்றேன். முதல் பதிவுக்கு மேலே, அக்கா இல்லை என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடச் சொன்னேன். பிந்தி வருகிறவர்கள் தெரிந்துகொண்டு உள்ளே வரட்டும்.

மத்தியானம் வரை பார்த்தேன். மாரி அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. வருகிறேன் என்றோ, நன்றி என்றோ ஒரு சொல் இல்லை. முன்பு போலவே எழுந்து போய்விட்டாள். எனக்கு எரிச்சல் வரவில்லை. அவள் எந்த வீட்டுக்கு வந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் வீட்டிலும் கம்பெனியிலும் யார் என்ன சொன்னாலும், இடையில் விழுந்து பேசுவதற்கு முன் அவர்கள் பேச்சில் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். மல்லாங்கிணற்று அம்மாவின் கையை நீ பிடித்ததிலிருந்து என்னிடம் தங்கிவிட்ட வழக்கம் அது. உன்னிடம் வருவதற்கும் அதைத்தான் செய்தேன். பிந்தித்தான் வந்திருக்கிறேன், வெறுங்கையாக வரவில்லை.

கை மடங்கிவிட்டது, புள்ள. நடுவிரல் மட்டும்தான் கொஞ்சம்.

நானும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்திரிக்கிறேன்.