பின்னோக்கி நடந்த வாத்து

என் தங்கப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், என் மானம்தான் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது. உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது.

போன வியாழக்கிழமை எங்கள் அச்சக முதலாளியம்மா என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பக்கத்து நாடுகள் இரண்டிலிருந்தும் சின்னப் பதிப்பகக்காரர்கள் வந்திருந்தார்கள். குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகம் தனித்தனியாகப் போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகவில்லையாம். அதனால் மூன்று நாடும் கூட்டுச் சேர்ந்து, படங்களை எங்கள் மெஷினில் மொத்தமாக ஓட்டிவிட்டு, கறுப்பு மையில் வரும் எழுத்தை மட்டும் அவரவர் மொழிக்கு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. மொழிபெயர்ப்புக் கேட்க என் காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். காதை அடைத்தால் கத்திப் பேசுவதுதானே மெஷின்காரனுக்கு முப்பது வருஷப் பழக்கம்? மேஜையில் இருந்த மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, முதலாளியம்மாவிடம் ரகசியம் சொல்வதாக நினைத்து, "அம்மா, இந்த வாத்து பின்னால போகுதே!" என்றேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா இதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்துவிட்டு, காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

ஆனால் நான் சொன்னது சரிதான் பாப்பா. கதையில் ஒரு வாத்து குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போகிறது. அந்த நாடுகளில் ஒன்றில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது, புத்தகமும் மறுபக்கத்திலிருந்துதான் திறக்கும். அவர்கள் பக்கம் புரட்டப் புரட்ட வாத்து வந்த வழியே திரும்பிப் போகும். படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பினால் கடிகாரத்து எண்ணெல்லாம் இடம் வலமாகிவிடும். அந்த நாட்டுப் பதிப்பகத்தம்மா, "எங்க பசங்க சந்தோஷப்படுவாங்கண்ணே, பள்ளிக்கூடம் வேணாம்னு வீட்டுக்கு ஓடுற வாத்தாச்சே" என்று மொழிபெயர்க்கும் பெண் மூலமாகச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் முகம் வாடிவிட்டது. அவர்கள் விலகினால் பிரதி குறையும், மற்ற இரண்டு பேருக்கும் கட்டாது, எல்லாமே கலைந்துவிடும்.

கடைசியில் எந்தப் பக்கம் திறந்தாலும் சரியாக வருகிற மாதிரிப் படங்களைப் புதிதாக வரைவது என்று முடிவானது. வரைகிறவர் எட்டு மாதம் எங்கள் அச்சகத்து மாடியில் இருந்து, மூன்று நாட்டுக் கதைக்காரர்களோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மாதிரிப் படம் அனுப்ப இந்த மாதக் கடைசி வரை தவணை. அந்த அறிவிப்பை இதோடு வைத்திருக்கிறேன்.

இதை நீ வேலையாக மட்டும் பார். அங்கே பிஸ்கட் டப்பாவுக்குப் படம் போடுவது உனக்குப் பிடித்திருந்தால், இந்தக் காகிதத்தை நாலாய் மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடு. எனக்குக் கோபமே வராது. எங்களுக்காக என்று மட்டும் கிளம்பி வராதே. அம்மா போனில் முட்டிவலி என்று முனகினால் நம்பாதே, தினம் நாலு தடவை மாடி ஏறி இறங்குகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. எங்கே இருந்தாலும் உன் கைக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு கண்ணு.

மை போகாத விரலோடு,
உன் அப்பா

உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று. வரைகிற ஆள் யாராவது தெரியுமா என்று அந்தப் பதிப்பகத்தம்மா என்னைத்தான் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "என் பொண்ணு இருக்காம்மா, அவளைப் பார்த்து மூணு வருஷமாச்சு, அவளையே கூப்பிடுங்க" என்று வாய் வரைக்கும் வந்ததைச் சொல்லவில்லை.