மொட்டை டயரும் முன்பாரமும்

அன்புள்ள அத்தான்,

நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால், மேற்கொண்டு நான் எழுதும் எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். முப்பத்திரண்டு மூட்டையும் கூடத்தில் அடுக்கியாகிவிட்டது. அக்கா நடக்க இடமில்லாமல் சுவரை ஒட்டி ஒட்டிப் போய் வருகிறாள். உங்கள் டிரெய்லர் வாசலில் நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் டயரை ஒருமுறை அமுக்கிப் பார்க்காமல் போவதில்லை.

அந்த வண்டியை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! கிளிஞ்சல்மேட்டுக்கு மீன் வாங்கப் போன மனுஷர் வெறுங்கையோடு திரும்பி வந்து, ஃபைபர் படகைக் கரையேற்றும் வண்டியின் சக்கரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், கேலி செய்யாமல் என்ன செய்வது? "அவ்ளோ பெரிய படகு மாப்ளே, மணல்ல சக்கரம் பொதையவே இல்ல. காத்தைக் கொறைச்சு வெச்சிருக்காங்க" என்றீர்கள். அக்கா புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருந்தாள். அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்புதான்.

அடுத்த வாரமே காரைக்கால் பழைய இரும்புக் கடையிலிருந்து மண் வெட்டும் மிஷினின் டயர் இரண்டை ஏற்றி வந்தீர்கள். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். பட்டன் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. "மொட்டைத் தலைக்காரருக்கு மொட்டை டயரைக் கட்டி அனுப்பிட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் தலையைத் தடவிக்கொண்டு, "தேடிப் பொறுக்கி எடுத்தேன்டா" என்றீர்கள். நான் நம்பவில்லை. யாராவது தேடிப் போய் மொட்டை டயர் வாங்குவார்களா?

நமக்கு அந்த வண்டி ஏன் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாததில்லை. நம் நாலு மா நிலத்துக்குச் சொந்த வழி கிடையாது. ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் பக்கிரிசாமி அண்ணன் வயலைத் தாண்டியாக வேண்டும். அவரோ நெல் நிற்கும்போதே உளுந்து தெளித்துவிடுகிறவர். நாம் அறுக்கும் நேரத்தில் அவர் அறுப்பு முடிந்து, வயலில் உளுந்து முளைத்து இலை விட்டிருக்கும். போன வருஷம் நம் நெல்லை ஏற்றிய டிராக்டர் அதன் மேல் ஏறியதில் பாதிச் செடி போயிற்று. அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். நீங்கள் விடாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "அடுத்த வருஷம் ஒரு செடி சாகாம நெல்லை எடுக்கறேன், பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

வண்டி முடிவதற்குள் போயும்விட்டீர்கள். கார்த்திகை மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அச்சும் சக்கரமும் சட்டமும் முடிந்திருந்தன. அடிப்பலகையும் கையால் இழுக்கிற தண்டும் பாக்கி. இப்படி அரைகுறையாக விட்டுவிட்டுப் போவது உங்கள் வழக்கமே இல்லையே, அத்தான்?

தை பிறந்ததும் ஆள் வைத்து அறுத்து, வயலிலேயே அடித்து, மூட்டை கட்டினோம். அத்தனை மூட்டையையும் தலைச்சுமையாகக் கொண்டுவர இன்றைக்கு ஆள் ஏது? அந்த நேரம் பார்த்து, கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி. நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அக்கா அழவில்லை. "இந்த நெல்லு வெளியில வந்தா வயலை வெச்சுக்கறேன். வரலேன்னா குத்தகைக்கு விட்டுட்டு உங்கூட வந்துடறேன்டா. அவரு இல்லாம நான் யாருகிட்டப் போயி வழி கேக்கறது?" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நெல் போனால் போகட்டும், அந்த வயலும் போய்விட்டால் உங்களைத் தேடிப் போக அக்காவுக்கு வேறு இடம் ஏது?

உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எத்தனை சுத்தமாக வரைந்திருக்கிறீர்கள்! ஒவ்வொரு பட்டைக்கும் நீளம், ஒவ்வொரு துளைக்கும் அளவு. பட்டறைக்காரர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "இவரு எங்க படிச்சாரு?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். அவர் நோட்டை மூடி, கண்ணில் ஒற்றிக் கொடுக்காத குறைதான்.

காற்று விஷயத்தில் மட்டும் பஞ்சர் கடைக்காரர் என்னோடு மல்லுக்கு நின்றார். 'கையால் அமுக்கினால் அமுங்க வேண்டும்' என்று நீங்கள் எழுதியிருந்ததைக் காட்டினேன். "சார், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். டயரை எங்கிட்ட விட்டுடுங்க" என்றார். அவரை ஒருவழியாக மடக்கிக் காற்றைக் குறைக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் வயலில் மூட்டை ஏற்றினேன். நோட்டில் வண்டிப் படத்துக்குக் கீழே, 'மு.பா. கட்டாயம்' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். இருபது வருஷமாகக் கோப்புகளில் சுருக்கம் படித்தே பிழைக்கிறவன் யாரிடமாவது கேட்பேனா? முழு பாரம் என்று படித்தேன். பின்பக்கமிருந்து ஏற்றுவது சுலபம் என்று, அங்கேயே ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து மூட்டையை அடுக்கினேன். முன்னால் வந்து தண்டைப் பிடித்தேன். அது விர்ரென்று மேலே போனது. கூடவே நானும் போனேன். காலுக்குக் கீழே தரை இல்லை, வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூட்டைகள் பின்னால் சரிந்தன. அறுப்புக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வரப்பில் கை கட்டி நின்ற பக்கிரிசாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். "முன்பாரம்டா, அறிவுகெட்டவனே! எங்க மாமனாரு வாயில நாளெல்லாம் இதே பேச்சுதான். மாட்டு வண்டி ஓட்டுனவரு மவன் வேற என்னத்தை எழுதுவாரு?" என்றாள். சொல்லி முடிக்கும்போது அவளும் சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் இறக்கி, ஐந்தே மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி அக்காவே அடுக்கச் சொன்னாள். தண்டு கையில் இலேசாக அழுந்தி நின்றது. பக்கிரிசாமி அண்ணன் என்னைப் பார்த்து, "ஒரு நடை. செத்தவரு குடுத்த வாக்குக்காக ஒரே ஒரு நடை விடறேன். பாத்துட்டுத்தான் அடுத்தது" என்றார். நானும் அக்காவும் இழுத்தோம், அந்தப் பெண்கள் பின்னால் தள்ளினார்கள்.

அத்தான், அதை எப்படிச் சொல்வேன்? நகர்ந்துவிட்டது. முந்நூறு கிலோ நெல், கால் வைத்தால் கணுக்கால்வரை அமுங்குகிற சேற்றில் சத்தமே இல்லாமல் உருண்டு வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். டயர் தரையில் அகலமாகப் படிந்து, செடிகளை மெதுவாகப் படுக்க வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தது. பட்டன் இருந்திருந்தால் செடியின் தண்டை வெட்டியிருக்கும். மொட்டை டயரை எதற்குத் தேடிப் பொறுக்கினீர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனையையும் முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிப் பார்த்த மனுஷரோடா நான் தினமும் வாயாடிக்கொண்டிருந்தேன்?

பக்கிரிசாமி அண்ணன் குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு ஏழு நடை அடித்தோம். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போய்ப் போய் வந்த லோடு ஆட்டோவில் கடைசி மூட்டையை ஏற்றித் தார்ப்பாயைப் போடவும் சாயங்கால மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் வயலுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார் பக்கிரிசாமி அண்ணன். செடி செத்திருக்குமோ என்று அக்கா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். அவர் வரப்பில் நின்று வயலைக் காட்டினார். உளுந்து எழுந்து நின்றிருந்தது, அத்தான். சக்கரம் போன இடம் எது, போகாத இடம் எது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் கால் தடங்கள் மட்டும் மழைத் தண்ணீர் தேங்கி வரிசையாகத் தெரிந்தன. அவற்றில்தான் செடிகள் நசுங்கிக் கிடந்தன.

"பாத்தியா தங்கச்சி? வண்டித் தடத்தைக் காணும். செத்ததெல்லாம் ஒன் தம்பி காலுல பட்டதுதான்" என்றார் அவர். போன வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனுஷன். உசுரோட இருந்தப்ப நான் நின்னு கேக்கல" என்றார். துடைத்தது வேர்வை இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கூடத்து மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு மூட்டையைக் காட்டி, "இதைத் தனியா எடுத்து வை. நல்லாக் காய வெக்கணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "வெதைக்கு" என்றாள்.

அவள் விதைப்பாள், அத்தான். அறுப்புக்கு நான் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பேன். இனி எது புரியாவிட்டாலும் அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் மச்சினன்,
சேகர்