கிணற்றில் ஊறிய மூன்றரை அடி

14 ஜூன் 1956, வியாழன்

அபிராமத்துக்கு அருகே தோண்டிய குடிநீர்க் கிணற்றைச் சோதிக்கப் போய், இன்று நானே அதை மூடச் சொல்லியிருப்பேன்.

முழுதும் இறைத்த கிணற்றில் ஓர் இரவுக்குள் மூன்று அடியாவது நீர் ஊற வேண்டும் என்பது விதி. நேற்று மாலை இறைத்து முடித்ததும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை முப்பத்தொன்றேகால் அடி. இன்று காலை இருபத்தேழே முக்கால். காலில் முக்கால் போகாது. ஆகவே ஒன்றைக் கடன் வாங்கி, முறைப்படி எழுதிக் கழித்தேன். இரண்டரை வந்தது. “கிணறு தேறாது” என்று அறிவித்தேன்.

மண் சுமக்கும் செல்லம்மாள் கூடையைக் கீழே போட்டாள்.

“என்னங்கய்யா கணக்கு இது? இருபத்தேழே முக்காலோட கால் சேந்தா இருபத்தெட்டு. அங்கனருந்து முப்பத்தொண்ணுக்கு மூணு. மேல ஒரு கால் கெடக்கு. மூணரை வருதுல்ல? ஓரடித் தண்ணிய ஒங்க காயிதம் குடிச்சிருச்சா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாளைப் பார்த்தேன். கடன் வாங்கியதற்காக முப்பத்தொன்றை முப்பதாக்கியிருந்தேன். அதை மறந்து, மறுபடியும் ஒன்றைக் குறைத்து இருபத்தொன்பதாக்கியிருந்தேன். மூன்று முறை திரும்பக் கழித்தேன். மூன்றரையேதான்!

“இனி தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்க வேணாம்டி!” என்று பெண்கள் கூவினார்கள். சான்றிதழில் கையெழுத்திட்டேன். செல்லம்மாள் கலங்கல் நீரைச் செம்பில் நீட்டினாள்.

“குடிச்சுப் பாருங்கய்யா, உப்பே இல்ல.”

பரிசோதிக்காத நீரைப் பணியிடத்தில் அருந்தலாகாது என்பதும் விதிதான். இரண்டு செம்பு குடித்தேன்.