நான்காம் பாகத்தில் வராதவள்

அன்புள்ள மருமகளுக்கு உன் மாமா எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மகள் நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, அடி இல்லை. இப்போது பக்கத்து அறையில் உன் அத்தையோடு உட்கார்ந்து துணி மடிக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சுண்டெலி என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் லிஃப்ட் கம்பெனி டிரைவரின் தம்பி நாளைக்கு நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் சுகம். போன வாரம் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மந்திரி. ஒரே ஸ்பேனரால் ஆளை வெளியே எடுத்தேன், கண்கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். (உன் அத்தை எட்டிப் பார்த்து, "மந்திரியா? தண்ணி கேன் போடுறவர்னு அன்னிக்குச் சொன்னீங்க" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.)

விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளிப் படம் ஒன்று பாகம் பாகமாக வந்து உலகமே அதன் பின்னால் பைத்தியமாகத் திரிகிறதே, அதை இவள் வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். மொத்தம் ஏழு பாகம். "நீங்க பாத்திருக்கீங்களா மாமா?" என்று கேட்டாள். உன் அம்மாவின் தம்பி நான், முறைக்கு அவளுக்குத் தாத்தா; உன்னைப் பார்த்து அவளும் மாமா என்கிறாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. "பாத்திருக்கேனாவா? ஏழும் முதல் நாள், முதல் காட்சி!" என்றேன். உன்னிடம் மறைப்பானேன், அதன் போஸ்டரைக்கூட நான் நின்று பார்த்ததில்லை.

வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாகம் என்று போட்டோம். கப்பல் ஓட்டுகிற பெண் ஒருத்தி, மகளை ஒரு நிலாவில் விட்டுவிட்டு, அங்கே இருக்கிற ஜனங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகிறாள். மூன்றாம் பாகம் முடிகிறபோது அவள் கப்பல் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. "திரும்பி வந்துருவாங்களா மாமா?" என்றாள் சுண்டெலி. என் வாய் சும்மா இருக்குமா? "நாலாம் பாகத்துல வந்துருவா. தியேட்டரே எழுந்து நின்னு விசிலடிச்சுது. நான் அடிச்ச விசில்ல முன்னாடி உட்கார்ந்திருந்தவருக்குக் காது அடைச்சுப் போச்சு. உங்கம்மாவும் அப்படித்தான் வந்து நிப்பா, பாரு" என்றேன்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும், மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். கடிதத்தை மடித்து டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு நாள் ஓடிப்போனது. அவளோ வகுப்பு முழுக்க, "நாலாம் பாகத்துல அவங்க வந்துருவாங்க, எங்க மாமா பாத்திருக்கார்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். "வரவே மாட்டாங்க" என்று மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவர்களை இவள் நம்பவில்லை, என்னைத்தான் நம்பினாள்.

நேற்று மத்தியானம் நான்காம் பாகம். அந்தப் பெண் மற்ற எல்லோரையும் சின்னக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள். பிறகு அவள் கப்பல் புள்ளியாகிவிட்டது. புள்ளியும் போய்விட்டது. "இரு, இன்னும் இருக்கு" என்றேன். பெயர்கள் ஓடின. கடைசிப் பெயர் வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. அதன்பிறகு ஒன்றுமில்லை. உன் அத்தை கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோய், "லிஃப்ட் கதவையெல்லாம் திறக்குறீங்களே, இதைத் திறங்களேன்!" என்று அழுதாள். நெம்புகோல் என் கையில்தான் இருந்தது. அரை நிமிட வேலை. ஆனால் உள்ளே இருக்கிற ஆள் குரல் கொடுத்து, கதவைவிட்டு விலகி நிற்கிறேன் என்று சொல்லாமல் லிஃப்ட் வேலைக்காரர்கள் நாங்கள் நெம்பக்கூடாது. நெம்பினால் சாய்ந்திருக்கிற ஆள்மேல்தான் கதவு விழும். அவள் கதவில்தான் சாய்ந்திருந்தாள். கீழ் இடுக்கில் பாவாடை ஓரம் தெரிந்தது.

இரண்டு மணி நேரம், மருமகளே. நானும் தரையில் உட்கார்ந்து பேசினேன். அஞ்சாம் பாகத்தில் அவள் நெருப்பு ரதத்தில் வருவாள், ஆறாம் பாகத்தில் சூரியனையே திருப்பி ஓட்டுவாள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு சின்னக் குரல், "நிஜமாவே பாத்தீங்களா மாமா?" என்றது.

நான் கதை கட்டவில்லை. என் ஆயுளில் முதல் தடவை. "இல்லடா கண்ணு. ஒண்ணுகூடப் பாத்ததில்ல" என்றேன்.

"அப்ப அம்மா வர்றதும் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. முகமெல்லாம் வீங்கி, தொப்பலாக நனைந்து நின்றாள். துவட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அழவில்லை அவள். விரல்விட்டு எண்ணி, "அப்ப எனக்குப் பதினொண்ணு ஆயிடும்" என்றாள், அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டாள்.

நீ அங்கே யார் யார் அம்மா அப்பாவையோ தூக்கி உட்காரவைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாய். வா என்றும் இரு என்றும் சொல்ல நான் யார்? உன் கஷ்டம் தெரிந்தவன். எந்த முடிவானாலும் இருபத்தைந்துக்கு முன்னால் நீயே அவளிடம் உன் வாயால் சொல். என் வாயை அவள் இனி நம்பமாட்டாள், நம்பவும் வேண்டாம்.

வருகிற ஞாயிறு ஐந்தாம் பாகம் போடலாமா என்று இன்று காலையில் கேட்டேன். "அம்மா சொல்லட்டும் மாமா, அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தாயே.

இப்படிக்கு,
உன் மாமா