சத்தமாகத் திட்டியவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் காலைத் தொட்டு எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் இங்கே சுகம்தான்.

போன விடுமுறை நாளில் அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தோம். அதில் ஒருவன் பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். "இவனெல்லாம் ஒரு மனுசனா?" என்று முதலில் திட்டியவன் நான்தான். பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை செய்கிற வெல்டர் அண்ணன், "உன்னப் பெத்தவங்க குடுத்து வச்சவங்கடா. அம்மா இப்ப யார்கூட இருக்காங்க?" என்று கேட்டார்.

"தங்கச்சி வீட்ல" என்றேன்.

ஆறே மாதம் என்று சொல்லி உன்னை இல்லத்தில் விட்டு மூன்று வருடமாகிறது. அப்படிப் பொய் சொன்னபிறகு படத்தின் முன்னால் உட்கார முடியவில்லை. துணி துவைக்க வேண்டும் என்று எழுந்துபோய், துவைத்த சட்டையையே மறுபடியும் துவைத்தேன்.

மறுநாள் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அம்மாவுக்கு எழுதுடா" என்று மட்டும் சொன்னார்.

ஃபேன் காற்று படுகிற கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொள். உன் போட்டோ ஒன்று அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. "எம்புள்ள வந்து கூட்டிட்டுப் போவான்" என்று அங்கே எல்லோரிடமும் சொல்கிறாயாமே, தங்கச்சி சொன்னாள். அதை மட்டும் மாற்றிச் சொல்லாதே, அம்மா.

உன் மகன்