ஸ்டூல் மேல் வைத்த பை

9 ஜனவரி, செவ்வாய்

இத்தனை வருஷமாக வெளிநாட்டுப் பைகளைப் பார்த்து அதேபோல் தைத்து விற்றவன் நான். அதில் வெட்கம் கிடையாது, வியாபாரம். ஆனால் இந்தப் பை என் மண்டையில் உதித்தது. எருமைத்தோல், வாயில் ஒரே மடிப்பு. பட்டறையில் நம்பிராஜன் தைத்தான். தாராவிக்குப் பை வாங்க வருகிறவன் முதலில் ஜிப்பை இழுத்துப் பார்ப்பான். இதில் ஜிப்பே இல்லை. போட்டோதான் பேச வேண்டும்.

உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, நம்பிராஜனை எழுப்பிவிட்டு, அவன் உட்காரும் ஸ்டூல் மேல் வைத்தேன். தகரக் கூரையின் ஓட்டை வழியாகச் சாய்ந்த வெயில் வரும்வரை வேலையை நிறுத்தினேன். வெயிலுக்காக வேலையை நிறுத்துகிற ஆளா நான்?

10 ஜனவரி

அஃப்ஷா போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டாள். "மஸ்த்! சூப்பரா வந்திருக்கு வாப்பா." மகள் சொல்வதால் பாதிதான் நம்பினேன்.

11 ஜனவரி

செம்பூரிலிருந்து பத்மஜா என்று ஒரு அம்மா போன் செய்தார். "போட்டோல இருக்கே, அதை விலைக்குத் தருவேளா?" எருமைத்தோல், கைத்தையல் என்று ஆரம்பித்தேன்.

"பை இல்லே. அதுக்குக் கீழே இருக்கே, ஸ்டூல்."

பதினைந்து வருஷமாகப் பசை சொட்டிக் காய்ந்து கிடக்கும் ஸ்டூல்.

13 ஜனவரி, சனி

நேரிலேயே வந்துவிட்டார். "இதுக்குப் பேர் வச்சிருக்கேளா?"

"ஸ்டூலுங்க."

கண்ணை மூடி, "அற்புதம்" என்றார். பையைப் பாருங்களேன் என்று நீட்டினேன். கார் சாவியை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டூலைத் தடவினார். கேட்ட விலை கிடைத்தது. வியாபாரி வேண்டாம் என்பானா?

"அப்பம் நான் எதுல இருக்கது பாய்?" என்றான் நம்பிராஜன். பெயிண்ட் டப்பாவைக் காட்டினேன்.

22 ஜனவரி

அந்த அம்மாவின் சிநேகிதிகளுக்கும் வேண்டுமாம். புது ஸ்டூல்கள் வாங்கிப் பசையை ஊற்றி அனுப்பினோம். "இதில் அவசரம் தெரிகிறது" என்று எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவசரமாகத்தான் ஊற்றினோம். நல்ல கண்.

10 பிப்ரவரி, சனி

டவுனில் கண்காட்சி. ஸ்டூலை வைத்திருக்கிறார்களாம், எனக்கும் அழைப்பு. நாலு பேர் கண்ணில் படட்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நம்பிராஜனோடு போனேன். வாசலில் வாட்ச்மேன் மறித்தான். பைகள் உள்ளே போகக் கூடாதாம். வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தான்.

உள்ளே ஸ்டூலுக்குத் தனி விளக்கு. பக்கத்தில் அட்டையில் என் பெயர்: மன்சூர் அலி. மரம், பசை, காலம். ரயிலில் நின்றே வந்த நம்பிராஜன் பழக்கதோஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். காவலாளிகள் ஓடி வந்தார்கள். "என் ஸ்டூலுல்லா சார்" என்று கத்திய அவனை அப்படியே தூக்கினார்கள். இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். பத்மஜா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

யாரையும் குறை சொல்ல முடியாது. கேமராவும் பையை மட்டுமா எடுத்தது? ஆனால் அந்த ஸ்டூலை நான் யோசிக்கவே இல்லையே. யோசித்த பை வாசலில் கிடந்தது, டோக்கன்தான் என் கையில். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். எதற்கென்றுதான் தெரியவில்லை.

11 பிப்ரவரி

பையை மனைவி சபுராவிடம் கொடுத்தேன். "எதுக்காவது வச்சுக்க."

25 பிப்ரவரி

கிங்ஸ் சர்க்கிளில் காய் வாங்கி அதில் தூக்கி வந்திருக்கிறாள். பக்கவாட்டில் மஞ்சள் கறை, மடிப்பில் ஒரு கறிவேப்பிலை. "எம்புட்டுக் கனம் வச்சாலும் தோள அறுக்கலங்க" என்றாள். போனை எடுத்தேன். படம் எடுக்காமல் வைத்துவிட்டேன்.

3 மார்ச், ஞாயிறு

மாடி வீட்டு நஸீரா வந்தாள். "சபுராக்கா வச்சிருக்காகளே, அதே மாதிரி எனக்கொரு பை வேணும் பாய்."

பட்ட அனுபவத்தில் ஜாக்கிரதையாகக் கேட்டேன். "கறையோடவா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கறை எதுக்கு? புதுசா, சுத்தமாத் தாங்க."

நம்பிராஜன் தோலை விரித்துவிட்டான். அவன் உட்காரும் பெயிண்ட் டப்பாவில் பசை சொட்ட ஆரம்பித்திருக்கிறது. போட்டோ எடுக்கும்போது அதை ஓரங்கட்ட வேண்டும்.